மூன்று அட்டை மாத்திரை

அந்த டீச்சரோடு ஒரு தடவை பஸ்ஸில் போனவர்கள் மறு தடவை போக மாட்டார்கள். நான் போயிருக்கிறேன், பட்டுத்தான் சொல்கிறேன். திண்டுக்கல்லில் மதுரை பஸ் ஏறி இரண்டு பேருக்கும் இடம் கிடைத்து உட்கார்ந்திருந்தோம். சின்னாளப்பட்டியில் இரண்டு பெண்கள் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கையில் பிள்ளை இல்லை, வயதானவர்களும் இல்லை. சுங்குடிச் சேலை மூட்டையோடு நல்ல திடமான பெண்கள். கொடைரோடு தாண்டியதும் டீச்சர் எழுந்துவிட்டார்.

"பாதித் தூரம் நாங்க உக்காந்தாச்சு. மீதித் தூரம் நீங்க உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினார். எனக்கு மூட்டு வலி. அது அவருக்கும் தெரியும், மருந்து தடவிவிட்டதே அவர்தான். ஆனால் பாதி என்றால் பாதி. மதுரை வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.

டீச்சர் என்றுதான் தெருவே அவரைக் கூப்பிட்டது. ஆனால் பாடம் நடத்துகிற டீச்சர் இல்லை. எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அரிசி நன்றாக இருக்கிறதா, முட்டை அழுகியிருக்கிறதா, எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்டாயிற்றா என்று பார்க்கிற வேலை. நான் பேகம்பூர்ப் பக்கம் மெடிக்கல் கடை வைத்திருப்பவள். மருந்தாளுநர் படிப்பு படித்தேன், என் வீட்டுக்காரர் தோல் வியாபாரத்தில் அலைந்துகொண்டிருந்ததால் கடையை நானே பார்த்துக்கொண்டேன். ஏழெட்டு வருடம் அந்த டீச்சர் என் கடைக்கு வராத நாள் குறைவு. அவர் மேல் எனக்கு எரிச்சல் வராத நாளும் குறைவு.

அவருடைய கைப்பையில் எப்போதும் ஒரு தீக்குச்சி இருக்கும். அதில் வெள்ளை நூல் சுற்றியிருக்கும். அவித்த முட்டையைக் கத்தியால் வெட்டினால் மஞ்சள் கரு ஒரு பக்கமாகப் போய்விடுமாம், நூலால் வெட்டினால்தான் இரண்டு பக்கமும் சமமாக வருமாம். கொய்யாப் பழம், கேக்கு, பன், எதைக் கொடுத்தாலும் அந்த நூல் வெளியே வந்துவிடும். பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவருக்குப் பாதி. "எனக்கு வேண்டாம் டீச்சர், இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றால் நடக்காது. "தனியாத் தின்னது தங்காது" என்பார். அதற்குமேல் பேச்சு கிடையாது.

ஒரு தடவை மேலதிகாரி ஒருவர் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டைப் பார்க்க வந்தாராம். ருசி பார்த்தவர், நன்றாக இருக்கவே, இன்னொரு முட்டை கேட்டிருக்கிறார். "பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒண்ணுதான் சார்" என்று சொன்ன டீச்சர், அவர் தட்டில் இருந்த முட்டையையே நூலால் இரண்டாக வெட்டி, "இந்தாங்க, இப்ப ரெண்டாயிருச்சு, சாப்பிடுங்க" என்றிருக்கிறார். இதைச் சமையல்காரம்மா எனக்குச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த அதிகாரி அதற்குப் பிறகு வரவே இல்லையாம்.

டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை. "கட்டிக்கிட்டா பாதிய யாருக்குக் குடுக்குறதுன்னு குழம்பிப் போயிருக்கும் அந்தம்மா" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவருக்கு இருந்தது இரண்டு தங்கச்சிகள். ஒருத்தி நிலக்கோட்டையில், பூ வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டவள். அடுத்தவள் சின்னாளப்பட்டியில், தறிக்காரர் வீட்டில். தனக்கும் சேர்த்து மூன்று பேருக்கும் கிறிஸ்துமஸுக்கு ஒரே நிறத்தில் மூன்று சேலை எடுப்பார். ஒரே நிறம் கிடைக்காவிட்டால் எடுக்கவே மாட்டார். ஒரு வருடம் அப்படி யாருக்குமே சேலை இல்லாமல் போய்விட்டது.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும்போது ஒருநாள் ஒரு சீட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"பாப்பா, இதச் செத்தப் பாரு. மதுரை டாக்டரம்மா எழுதுனது. ஒரு நோவும் இல்லங்குறாங்க. ஆனா அஞ்சு வருசம் தெனம் ஒரு மாத்திரை தின்னணுங்குறாங்க. இந்தக் கூத்து எங்கயாச்சும் உண்டா?"

என்னைவிட அவர் மூன்று நான்கு வயதுதான் பெரியவர். ஆனாலும் நான் பாப்பாதான்.

விஷயம் இதுதான். அவருடைய மார்பில் ஒரு சின்னக் கட்டி இருந்தது. எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். புற்று இல்லை. ஆனால் அதில் இருந்த செல்கள் இயல்பாக இல்லை, இப்படி இருப்பவர்களுக்குப் பின்னால் மார்பகப் புற்று வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். போதாததற்கு அவருடைய அம்மா செத்ததே அந்த நோயில்தான். அதனால் வருவதற்கு முன்பே அந்த வாய்ப்பைக் குறைக்க டமாக்சிபென் மாத்திரை. புற்று வந்தவர்களுக்கும் அதே மாத்திரையைக் கொடுப்பதுண்டு, அதுதான் அவரைக் குழப்பியிருந்தது.

"காய்ச்ச வாரதுக்கு முன்னாடியே யாராச்சும் காய்ச்ச மாத்திரை திம்பாங்களா?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்துல அரிசி மூட்டைக்குள்ள வேப்பிலை எதுக்குப் போட்டு வைக்கிறீங்க டீச்சர்?"

"வண்டு வராம இருக்க."

"வண்டு வந்துருச்சா?"

"இன்னும் வரல."

"பெறகு எதுக்கு வேப்பிலை?"

"வேப்பிலை போட்டும் ஒரு வருசம் வண்டு வந்துச்சு பாப்பா."

"வரலாம். வரவே வராதுன்னு யாரும் சொல்லல. வாரது குறையும், அம்புட்டுதான்."

உண்மையைச் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். சரி என்று தலையாட்டினார். நானும் படித்த படிப்பு எல்லாவற்றையும் கொட்டினேன். தினம் ஒன்று, ஒரே நேரத்தில். திடீரென்று உடம்பு அனலாகக் கொதித்து வேர்க்கும், பயப்பட வேண்டாம். கால் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், வழக்கத்துக்கு மாறாக ரத்தம் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிள்ளை உண்டாகக் கூடாது என்று நான் சொன்னபோது மட்டும் சிரித்தார்.

மாதத்துக்கு மூன்று அட்டை, அட்டைக்குப் பத்து மாத்திரை. மாதத்தின் முதல் சனிக்கிழமை, சொன்னால் சொன்ன மாதிரி வந்து நின்றுவிடுவார். இத்தனை ஒழுங்காக மருந்து வாங்குகிற ஆள் எனக்கு வேறு யாருமே கிடையாது. கடைக்கு வருகிறவர்களிடம் அவரை உதாரணமாகக்கூடச் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஏழாவது மாதம் ஒரு வேன் டிரைவர் கடைக்கு வந்தார். நிலக்கோட்டையில் இருந்து திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு மல்லிகைப்பூ ஏற்றி வருகிற வண்டி. பையில் இருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். ஓரமெல்லாம் கடித்துக் குதறியிருந்தது.

"அக்கா, இதே மாதிரி ஒண்ணு குடுங்க. எங்க ஓனரம்மாவுக்கு. இந்த மாசம் குடுத்து விட்டத எலி கொதறிருச்சு."

அந்த மாத்திரையை நான் வரவழைத்து வைத்திருந்ததே டீச்சர் ஒருவருக்காகத்தான். "யாரு தம்பி குடுத்து விட்டது?" என்றேன்.

"அவங்க அக்காதான். சத்துணவு டீச்சர். மாசாமாசம் நான் பூ எறக்கிட்டுத் திரும்புறப்ப ரெண்டு அட்டை குடுப்பாங்க. போற வழியில சின்னாளப்பட்டித் தங்கச்சிக்கு ஒண்ணு, எங்க ஓனரம்மாவுக்கு ஒண்ணு."

கடையை அப்படியே பாதி இழுத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். பிள்ளைகள் வரிசையாகத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "செத்த நேரம் இரு பாப்பா, பிள்ளைக சாப்பிடட்டும். நீ சாப்டியா?" என்றார். கடைசிப் பிள்ளை கை கழுவுகிற வரைக்கும் நான் அடுப்பில் வைத்த பாத்திரம் மாதிரி கொதித்துக்கொண்டு நின்றேன். பிறகு கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை. மறைக்க என்ன இருக்கிறது என்கிற மாதிரிதான் பேசினார்.

"டாக்டரம்மா எத்தன அட்டை எழுதுனாங்க? மூணு. நாங்க அக்கா தங்கச்சி எத்தன பேரு? மூணு. ஆளுக்கு ஒண்ணு. சரியாத்தான இருக்கு?"

"டீச்சர், மூணு அட்டைன்னா முப்பது நாளைக்கு முப்பது மாத்திரை. உங்க ஒருத்தருக்கு. மூணு நாளைக்கு ஒண்ணு தின்னா அது உங்களுக்கும் ஆகாது, அவுங்களுக்கும் ஆகாது."

"எங்கம்மா எனக்கு மட்டுமா அம்மா? அவ வயித்துல பொறந்த மூணு பேருக்கும் வரலாம்ல. வார நோவு மூணு பேருக்கும், மாத்திரை மட்டும் எனக்கா? தனியாத் தின்னது தங்காது பாப்பா."

யா அல்லாஹ் என்று தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கே கிடந்த அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். கோபம் மட்டும் என்றால் பரவாயில்லை, பயமும் சேர்ந்துகொண்டது. நிலக்கோட்டைத் தங்கச்சி இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு காலில் ரத்தம் கட்டி, ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். அவளுக்கு மருந்து போனது என் கடையில் இருந்துதான். ரத்தம் கட்டிய உடம்புக்கு இந்த மாத்திரை ஆகவே ஆகாது, மறுபடி கட்டிவிடும். சின்னாளப்பட்டிக்காரியோ இன்னொரு பிள்ளை வேண்டும் என்று வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு காத்திருந்தவள். இந்த மாத்திரையைத் தின்றுகொண்டிருக்கும்போது பிள்ளை உண்டானால் அந்தப் பிள்ளைக்கே கேடு. தேடிப் பிடித்தாலும் இவ்வளவு பொருத்தமில்லாத இரண்டு பேர் கிடைக்க மாட்டார்கள்.

இதை எல்லாம் நான் கத்திச் சொன்னேன். அவர் கையில் இருந்த கரண்டியைக் கழுவி வைத்தார். மறுபடி அதே கரண்டியை எடுத்துக் கழுவினார். பிறகு அங்கேயே நின்று இரண்டு தங்கச்சிகளுக்கும் போன் போட்டார். "அந்த மாத்திரைய இனிமே தொடாத. தூரப் போட்ரு. இல்ல, தூரப் போடாத, கோழி கீழி கொத்திரும். எடுத்து வை, நான் வந்து வாங்கிக்கிறேன்."

ஆண்டவன் புண்ணியம், ஒருத்திக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஒருத்தி பாதி நாள் மறந்துபோயிருந்தாள். மற்றவள் குமட்டுகிறது என்று இரண்டு மாதமாகவே நிறுத்தியிருந்தாள், அக்காவிடம் சொல்லப் பயந்துகொண்டு.

"அவங்களையும் டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போங்க. அவங்கவங்க உடம்பப் பாத்து அவங்கவங்களுக்கு என்ன செய்யணும்னு சொல்வாங்க. உங்க சீட்டு உங்களுக்குத்தான்" என்றேன்.

"வர மாட்டேங்குறாளுக பாப்பா. நான் கெஞ்சாத கெஞ்சா? நல்லா இருக்குற ஒடம்ப எதுக்கு நோண்டணுங்குறா ஒருத்தி. பூ யாரு கட்டுறதுங்குறா ஒருத்தி. ஆள்தான் வர மாட்டேங்குது, மாத்திரையாச்சும் போய்ச் சேரட்டும்னுதான் குடுத்து விட்டேன்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "எங்கம்மா ஒரு முறுக்கு கெடச்சாலும் மூணாப் பிட்டுக் குடுத்துட்டு வெறும் வாயோட இருப்பா. நெஞ்சுல வந்த கட்டிய மட்டும் ரெண்டு வருசம் யாருகிட்டயும் சொல்லல. அத மட்டும் தனியா வச்சுக்கிட்டா. எங்க மூணு பேருல ஒருத்திகிட்டச் சொல்லியிருந்தாலும் பொழச்சிருப்பா."

ஆனாலும் அவர் என்னை நெகிழவிட மாட்டார். மறுநாளே கடைக்கு வந்து, தங்கச்சிகள் இரண்டு பேரும் டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் தானும் மாத்திரை தின்னப் போவதில்லை என்று அறிவித்தார்.

"அவங்க வராததுக்கு நீங்க ஏன் டீச்சர் நிறுத்தணும்?"

"மூணு பேருக்கும் இருக்கணும். இல்லாட்டி மூணு பேருக்கும் வேணாம்."

எவ்வளவோ திட்டினேன். ஏற்கனவே ஏழு மாதம் பாழ், இன்னுமா என்றேன். டீச்சர் போகிற சர்ச்சில் பூசை வைக்கிற சாமியார் மூலமாகக்கூடச் சொல்லிப் பார்க்கச் சமையல்காரம்மாவை அனுப்பினேன். சாமியாருக்கும் அதே பதில்தானாம், கூடவே ஒரு பாதிப் பன்னும் கிடைத்ததாம். பத்தொன்பது நாள். பத்தொன்பதாவது நாள் இரண்டு தங்கச்சிகளும் அழுதுகொண்டும் வைதுகொண்டும் மதுரைக்குப் பஸ் ஏறினார்கள்.

சின்னவளுக்கு ஒன்றும் இல்லை. வருடம் ஒரு தடவை வந்து காட்டிவிட்டுப் போ என்று அனுப்பிவிட்டார்கள். நிலக்கோட்டைக்காரிக்கு இடது மார்பில், கையால் தடவினால்கூடத் தெரியாத ஆழத்தில், ஒரு சின்னக் கட்டி இருந்தது. அது புற்றேதான். ஆனால் ஆரம்பத்திலும் ஆரம்பம்.

நான் முதலில் சொன்ன பஸ் பயணம், அவளுடைய ஆபரேஷனுக்கு நானும் டீச்சரும் போன பயணம்தான். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து டீச்சர் நூலை எடுத்து ஒரே ஒரு முட்டையை மூன்றாக வெட்டினார். தனக்கு, எனக்கு, சின்னத் தங்கச்சிக்கு. தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"எனக்கு வர வேண்டியத அவ வாங்கிக்கிட்டா பாப்பா."

"நோவு என்ன முட்டையா டீச்சர், பங்கு போட? அவளுக்கு வந்தது அவளுக்கு வந்தது. சீக்கிரம் தெரிஞ்சதே, அது போதாதா?" என்று நான் சீறினேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பத்தொன்பது நாளுக்காக நான் திட்டிய திட்டை என்னால் வாபஸ் வாங்கவும் முடியவில்லை. நல்லதுதான் செய்தீர்கள் என்று சொல்லவும் மனம் வரவில்லை. மாத்திரையை நிறுத்தியது தப்புதான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

தங்கச்சி பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். டாக்டரம்மா டீச்சரைப் பிடித்து ஒரு மணி நேரம் திட்டி, முதல் நாளில் இருந்து ஐந்து வருடம் என்று புதிதாகச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அடுத்த தொல்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து விழுங்கினால் தொண்டையில் நிற்கிறது என்றார். நாற்பத்தைந்து வருடமாக எதையும் தனியாக வாயில் போட்டறியாத பொம்பளை, நான் என்ன செய்வது? "மூணு மணிக்குக் கடைக்கு வந்து என் முன்னாடி போடுங்க" என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்கு, பள்ளிக்கூட வேலையை முடித்துவிட்டு வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை இல்லை. வந்ததும் ஃபேனுக்கு நேராக உட்கார்ந்து, "உள்ளுக்குள்ள யாரோ அடுப்பு பத்த வைக்கிறாங்க பாப்பா" என்று முந்தானையால் விசிறிக்கொள்வார். பிறகு ஒரு கடலை மிட்டாயை உடைப்பார். பாதியை என் கையில் வைப்பார். நான் வாயில் போட்ட பிறகுதான் அவர் மாத்திரையை விழுங்குவார். ஒருநாள் என்றால் சரி, இரண்டு நாள் என்றால் சரி, ஐந்து வருடமா? எனக்கு இப்போது சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. காரணம் யார் என்று என் டாக்டரிடம் நான் சொல்லவில்லை.

நோன்பு மாதம் வந்தது. பகலில் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். முப்பது நாளைக்காவது விடுதலை என்று பார்த்தால், முதல் நோன்பன்றைக்குச் சாயங்காலம் நோன்பு திறக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து நின்றார், மாத்திரையோடு.

"நேரத்த மாத்தக் கூடாதுன்னு சொன்னேன்ல டீச்சர்!"

"நீ பட்டினியா இருக்கப்ப நான் மட்டும் எப்படிப் போடுறது? கஞ்சி வந்துருச்சா?"

கடையில் அப்போதுதான் கூட்டம் நெரியும். அதற்கு நடுவில் நோன்புக் கஞ்சியில் பாதியை ஊற்றி வாங்கிக்கொண்டு, மாத்திரையைப் போட்டுக் குடிப்பார். முப்பது நாளும். தெருவில் சிலர் அவரும் நோன்பு வைப்பதாக நினைத்துவிட்டார்கள்.

நான்காவது வருடம் ஒருநாள் மூன்று மணிக்கு, கடைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு நான் வழக்கம்போல உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது தாண்டிவிட்டால் டாக்டரைப் பார்த்து மார்பகப் படம் எடுப்பதைப் பற்றிக் கேட்டுக்கொள், வீட்டில் யாருக்கும் இல்லாதவர்களுக்கும் வருகிறது என்று. அவள் போனதும் டீச்சர் கேட்டார்.

"நீ எப்பப் பாப்பா போன?"

"எங்க?"

"படம் எடுக்க."

நான் மருந்துப் பெட்டியை அடுக்குகிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். "எனக்கென்ன டீச்சர், எங்க வீட்ல யாருக்கும் இல்ல."

"யாருக்கும் இல்லாதவங்களுக்கும் வருதுன்னு இப்பத்தான அந்தப் பிள்ளைகிட்டச் சொன்ன?"

"கடைய யாரு பாக்குறது?"

"நிலக்கோட்டைக்காரியும் பூ யாரு கட்டுறதுன்னுதான் கேட்டா."

மாத்திரையை அட்டையோடு பைக்குள் போட்டார். உடைத்த கடலை மிட்டாய் இரண்டு பாதியும் மேஜை மேலேயே கிடந்தது. "நீ போயிட்டு வா. பெறகு போட்டுக்கிறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. மறுநாளும் வந்தார், உட்கார்ந்தார், விசிறிக்கொண்டார், மாத்திரை போடாமல் போனார். அதற்கடுத்த நாளும் அப்படியே. "இது உங்க உடம்பு டீச்சர். எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கத்தினேன்.

"நாலு வருசமா பாதி மிட்டாய் தின்னேல்ல?" என்றார், ரொம்ப சாதாரணமாக.

எட்டு நாள் தாங்கினேன். ஒன்பதாவது நாள் கடையைப் பூட்டிவிட்டு அவரோடு மதுரைக்குப் போனேன். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு தடவை எழுந்து போகப் பார்த்தேன். ஒரு நிமிடம் அழுத்தும், கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான் என்று எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு நிமிடத்தை இத்தனை வருடம் நான் தள்ளிப் போட்டதற்குக் கடை காரணம் இல்லை. பயம். ஊருக்கு உபதேசம் பண்ணுகிற வாய்க்குப் பின்னால் பச்சைப் பயம். அன்றைக்குத்தான் அவருடைய அம்மாவை எனக்குப் புரிந்தது. அந்த அம்மாள் ஒன்றும் வேண்டுமென்று மறைத்திருக்க மாட்டாள்.

ஒன்றும் இல்லை, அடுத்த வருடம் வாருங்கள் என்றார்கள். வெளியே வந்து டீச்சரிடம் சொன்னேன். அவர் பையில் இருந்து மாத்திரையை எடுத்தார், கடலை மிட்டாயை உடைத்தார், பாதியை என்னிடம் நீட்டினார். நான் அழுதுகொண்டே தின்றேன். திட்டிக்கொண்டேயும் தின்றேன்.

ஐந்து வருடமும் முடிந்தது. அவருக்கு அந்த நோய் வரவில்லை. மாத்திரையால்தான் வரவில்லையா, எப்படியும் வந்திருக்காதா என்று யாராலும் சொல்ல முடியாது, வருகிற வாய்ப்பைக் குறைத்தோம், அவ்வளவுதான். கடைசி அட்டையின் கடைசி மாத்திரையைப் போட்டதும், "அஞ்சு வருசம் நான் யாருக்கும் பங்கு குடுக்காமத் தின்னது இது ஒண்ணுதான் பாப்பா" என்று ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி சொன்னார். அந்த வருடமே மாறுதல் வாங்கிக்கொண்டு தங்கச்சிக்குப் பக்கத்திலேயே இருக்கலாம் என்று நிலக்கோட்டைக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு மூன்று மணிக்குக் கடை எவ்வளவு வெறிச்சென்று இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

இப்போது அவருக்குப் பிரஷர். அதற்கு ஒரு மாத்திரை. அங்கே எந்த மெடிக்கல்காரர் மாட்டிக்கொண்டு பாதி மிட்டாய் தின்கிறாரோ தெரியாது. எனக்கு வருடம் ஒரு தடவை, நான் படம் எடுக்க வேண்டிய மாதத்தில், போன் வரும். "போய்ட்டு வந்தியா?" போய்விட்டு வந்தேன் என்றால் வைத்துவிடுவார், வேறு பேச்சு கிடையாது.

இந்த வருடம் நான் போகவில்லை. வீட்டில் மராமத்து, கடையில் ஆள் இல்லை, இந்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். போன வாரம் அவர் கேட்டபோது இன்னும் இல்லை என்று உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டேன். நேற்று நிலக்கோட்டைத் தங்கச்சி போன் பண்ணினாள்.

"அக்கா, நாலு நாளா எங்கக்கா பிரஷர் மாத்திரையத் தொடல. கேட்டா, திண்டுக்கல்லுல பாப்பா போய்ட்டு வரட்டும், பெறகு போடுறேங்குறா. தலை சுத்துதுன்னு படுத்துக் கெடக்குறா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், செத்த சீக்கிரம் போய்ட்டு வந்துருங்க."

ஒரு மனுஷி இன்னொரு மனுஷியை இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு இந்தப் பாடு படுத்த முடியுமா? நாளைக்குக் கடைக்கு லீவு விட்டுவிட்டேன். முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போகிறேன். இடம் கிடைத்தாலும் கொடைரோடு வரைக்கும்தான் உட்காருவேன்.